இடையன்குடி வீடும் நம்ம ஊர்ப் பூட்டின வீடும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், திசையன்விளைக்கும் உவரிக்கும் பக்கத்தில், இடையன்குடி என்று ஒரு ஊர் இருக்கு. அங்கே கோயிலை ஒட்டி ஒரு பழைய வீடு. 1841-இல் அந்த ஊருக்கு வந்த ராபர்ட் கால்டுவெல் பாதிரியார் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு அது. தமிழ்நாடு அரசு அதைச் சீர்படுத்தி 2011-இல் நினைவு இல்லமாகத் திறந்தது. ஆற்றங்கரையில் இருக்கிற நமக்கும் அந்தத் தேரிக்காட்டு வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நம்ம அக்கா தங்கச்சிமார் கேட்கலாம். நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் ரெண்டு தடவை பேசியும் முடிவாகாத விஷயம் ஒன்று இருக்கு இல்லியா, அக்ரகாரத்துப் பூட்டின வீட்டை நாம எடுக்கலாமா வேண்டாமா என்று? அதற்காகத்தான் இந்தக் கதையை மலரில் எழுதச் சொன்னார்கள்.

முதலில் அந்த ஊரைப் பற்றி. நம்ம பக்கம் வயலும் வாய்க்காலும். இடையன்குடிப் பக்கம் சிவப்பு மணல். காற்று அடித்தால் மணல்மேடு இடம் மாறும். ஆறு கிடையாது, மழையும் குறைவு. பனைதான் அந்த ஊருக்கு வயல். பனை ஏறுகிறவர் நாளுக்கு இரண்டு தடவை முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குவார். அவர் இறக்கிய பதனீரைக் காய்ச்சுவது முழுக்கப் பெண்கள் வேலை. விடிவதற்கு முன்னால் சுள்ளி பொறுக்கணும், பானையை அடுப்பில் ஏற்றணும், பதம் தப்பாமல் கிண்டணும், சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கணும். கொஞ்சம் கவனம் பிசகினால் அன்றைய பதனீர் போச்சு. அத்தனையும் செய்தவளுக்குக் கூலி என்று தனியாக ஒரு சல்லி கிடையாது. கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், கடனுக்குச் சரக்குப் போய்விடும். பருவம் முடிந்தால் அடுத்த பருவம் வரைக்கும் திரும்பவும் கடன். சங்கத்துக்கு வருவதற்கு முன்னால் நம்மில் பல பேர் பீடி சுற்றினதும், வட்டிக்கு வாங்கினதும் இதே கணக்குதான்.

கால்டுவெல் அயர்லாந்தில் 1814-இல் பிறந்தவர். 1838-இல் சென்னைக்கு வந்தார். மூன்று வருஷம் அங்கே இருந்துவிட்டு, பெரும்பாலும் கால்நடையாகவே நடந்து திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் ஒரு குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று அதில் விரிவாக எடுத்துக்காட்டினார். நம்ம மாவட்டத்தின் வரலாற்றையும் 1881-இல் எழுதினார். 1968-இல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் சிலை வைத்தார்கள். புத்தகங்களில் அவரைப் பற்றிப் படித்திருப்போம். நான் சொல்ல வருவது அந்த வீட்டில் இருந்த இன்னொருவரைப் பற்றி.

அவருடைய மனைவி எலைசா. நாகர்கோவிலில் மிஷன் வேலை செய்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகள். 1844 மார்ச்சில் கல்யாணம். சின்ன வயசிலிருந்தே தமிழ் கேட்டு வளர்ந்தவர் என்பதால் ஊர்ப் பெண்களோடு பேசுவதற்கு அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. இடையன்குடிக்கு வந்த உடனே பெண்பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி ஆரம்பித்தார். தாய் வீட்டிலிருந்து ஒரு தொழிலையும் கொண்டுவந்தார். அதுதான் ரேந்தை, இப்போ நாம லேஸ் என்று சொல்வது.

இந்த ரேந்தைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்யம். மனுஷரை விலைக்கு வாங்குவதும் விற்பதும் அங்கே சட்டப்படி நடந்த காலம். 1855-இல்தான் அது ஒழிந்தது. அதற்கு முன்னாலேயே ரேந்தை பின்னிய கூலியைச் சேர்த்து, தங்கள் விலையைத் தாங்களே கட்டி விடுதலை ஆன பெண்கள் உண்டு என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. நாம ஒரு மாதச் சந்தா கட்டுவதற்கு எத்தனை கணக்குப் போடுகிறோம்! அந்தப் பெண் தன்னையே வாங்குவதற்குச் சந்தா கட்டியிருக்கிறாள். மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைக் கலகம் நடந்ததும் அதே மண்ணில்தான். அடி வாங்கி, துணி கிழிபட்டு, கடைசியில் 1859-இல் ராஜா உத்தரவு போட்டார். கையில் காசு சேர்கிற பெண்ணுக்கு நெஞ்சை மூடும் தைரியமும் சேர்ந்து வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரேந்தை எப்படிப் பின்னுவார்கள் தெரியுமா? ஊசியும் இல்லை, தறியும் இல்லை. இறுக்கமாகத் திணித்த ஒரு தலையணை. அதன்மேல் துளை போட்ட மாதிரி அட்டை. துளைகளில் குண்டூசி. சின்னச் சின்ன மரக்குச்சிகளில் நூல் சுற்றி, ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டு, ஒன்றைத் தாண்டி ஒன்றை மாற்றி முறுக்கிக்கொண்டே போகணும். ஒரு விரற்கடை நீளம் வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். நூல் வெள்ளை வெளேரென்று இருக்கணும். யோசித்துப் பாருங்கள், செம்மண் பறக்கிற தேரியில், கருப்பட்டி அடுப்பிலிருந்து எழுந்து வந்த கையால், வெள்ளை நூலில் அழுக்குப் படாமல் வேலை செய்வது! அதற்கு நிழல் வேணும், துடைத்த தரை வேணும், காற்று அடிக்காத ஒரு மூலை வேணும். பனை ஓலைக் குடிசையில் அதற்கு வழி ஏது? வேலைக்கென்று ஒரு இடம் இருந்தால்தான் அப்படிப்பட்ட தொழில் நடக்கும். கட்டடம் ஊரை மாற்றுமா என்று கேட்டால், இப்படித்தான் மாற்றும் என்பேன் நான்.

கால்டுவெல் ஊரையும் ஒழுங்குபடுத்தினார். நேர் நேரான தெருக்கள் வகுத்தார், கிணறுகள் வெட்டினார், மரங்கள் வைத்தார். 1847-இல் ஆரம்பித்த கோயில் 1880-இல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருஷம். கையில் காசு வரவர, வேலை நடக்க நடக்க, கட்டியிருக்கிறார்கள். நம்ம கூட்டமைப்பில் ஒரு வேலை மூன்று மாதம் இழுத்தால் "இது ஆகாது" என்று சொல்லிவிடுகிறோம்!

புகழ்ந்துகொண்டே போகவும் கூடாது. பனையேறும் மக்களைப் பற்றி அவர் 1849-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அந்த மக்களை மட்டமாகச் சொல்லும் வரிகள் அதில் இருந்தன. பின்னாளில் படித்து முன்னேறிய நாடார் சமூகத்தார் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள், அவரும் கேட்க வேண்டியதாயிற்று. அவர் சமூகம் கட்டின பள்ளியில் படித்தவர்களே எழுந்து நின்று, "எங்களைப் பற்றி நீர் எழுதினது தப்பு" என்று சொன்னது எனக்குப் பிடித்த பகுதி. கற்றுக்கொடுத்தால் அப்படித்தான் கேட்பார்கள், கேட்கணும்.

ரேந்தையிலும் ஒரு குறை உண்டு. வேலை பெண்களுடையது. ஆனால் மாதிரியும், வாங்குகிறவர் விலாசமும், விலையும் துரைசானியம்மாவின் பொறுப்பு. நம்மைப் போலச் சங்கம், வங்கிக் கணக்கு, தீர்மானப் புத்தகம் என்று அந்தப் பெண்கள் பேரில் எதுவும் இல்லை. யாரோ ஒரு நல்ல அம்மா வீட்டில் இருக்கிற வரைக்கும் நடக்கிற தொழில் என்றால், அந்த அம்மா போன பிறகு என்ன? கால்டுவெல் 1891-இல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டின கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். எலைசா 1899-இல் மறைந்தார். 2010-இல் கால்டுவெல் படம் போட்ட தபால்தலை வந்தது. மறு வருஷம் வீடு நினைவு இல்லம் ஆயிற்று. நல்ல காரியம்தான். இல்லாவிட்டால் வீடு இடிந்து மண்ணோடு போயிருக்கும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். ஆனாலும் நினைவு இல்லம் என்றால் பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம். அங்கே உட்கார்ந்து யாரும் இன்றைக்குக் கூலி வாங்கப் போவதில்லை. அரசால் அவ்வளவுதான் முடியும். மீதியை அந்தந்த ஊர்க்காரர்தான் செய்யணும்.

பழைய வீடு பிழைப்பதற்கு இன்னும் வேறு வழிகளும் உண்டு. நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே ஒரு உதாரணம். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில், இப்போ தென்காசி மாவட்டத்தில் இருக்கிற ஆம்பூரின் அக்ரகார வீடுகளைச் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் பார்க்கலாம்! அங்கே தட்சிணசித்ரா என்று ஒரு இடம், 1996 டிசம்பரில் திறந்தது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளை அங்கே திரும்பக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். திண்ணை, தூண், ரேழி எல்லாம் அப்படியே. நம்ம பக்கத்து வீடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள கடலோரத்துக்குப் போய்ச் சீட்டு வாங்க வேண்டியிருக்கு. அவர்களைக் குறை சொல்லவில்லை. காப்பாற்றினார்கள், அங்கே கைத்தொழிலாளிகளுக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் ஆம்பூர்ப் பெண்ணுக்கு அதில் என்ன இருக்கு?

செட்டிநாட்டில் கதை வேறு. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பர்மாத் தேக்குத் தூண் வைத்த பெரிய பெரிய வீடுகள். பர்மாவில் லேவாதேவி செய்து சம்பாதித்த பணத்தில் கட்டினவை. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் சாய்ந்தது. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், ஆளுக்கு ஒரு ஊரில். பராமரிக்க ஆள் இல்லை. தூணும் கதவும் தட்டுமுட்டுச் சாமானும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நின்றன. பிறகு சிலர் வீடுகளைச் சீர்படுத்தி விருந்தினர் தங்கும் இடமாக்கினார்கள். அதில் ஊருக்கு வந்த லாபம் என்னன்னா, வீட்டைச் சரிசெய்ய ஆத்தங்குடிக் கல் வேணும், பழைய சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் வேணும். கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணம் ஊற்றிக் கையால் செய்கிற அந்த ஆத்தங்குடிக் கல்லுக்கு மறுபடியும் கிராக்கி வந்தது. தாத்தாவோடு போயிருக்க வேண்டிய தொழில் பேரனுக்குச் சோறு போட்டது.

அதைவிட நமக்கு நெருக்கமானது கொட்டான். கல்யாணச் சீரில் பலகாரம் வைத்துக் கொடுக்க ஆச்சிமார் பனை ஓலையில் முடைந்த சின்னப் பெட்டி. பிளாஸ்டிக் வந்ததும் மறைந்துகொண்டிருந்தது. விசாலாட்சி ராமசாமி என்கிற அம்மா ஆரம்பித்த எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை, முடையத் தெரிந்த கொஞ்சப் பேரைத் தேடிப்பிடித்து, கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விருந்தாளி வருகிற வீடு பக்கத்திலேயே இருக்க, விற்பதற்கும் ஒரு வழி. வீடு, கைத்தொழில், வாங்குகிற ஆள் மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்தபோதுதான் அது நடந்தது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்த வீடுதான், சொந்தக்காரர் மும்பையில். தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று தெருவிலிருந்து ஆற்றுப் பக்கம் வரைக்கும் நீளம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் புறவாசல் சுவர் விழுந்தது, மற்றது நிற்கிறது. "சும்மாதானே கிடக்கு, நீங்க வச்சுக்கோங்க" என்று போனில் சொன்னார். அந்த வார்த்தையை நம்பி சுழல்நிதியில் கை வைக்கலாம் என்று சிலரும், கூடவே கூடாது என்று சிலரும் சொன்னோம்.

வாய்வார்த்தை போதாது என்பது என் கட்சி. நாம மூன்று லட்சமோ நாலு லட்சமோ செலவு பண்ணி ஓடு மாற்றி, பூசி, கரண்டு இழுத்த பிறகு, அவர் மகன் வந்து "அப்பா சொன்னது எனக்குத் தெரியாது" என்றால் என்ன செய்வோம்? பங்காளிகள் எத்தனை பேர் என்று பத்திரத்தில் பார்க்கணும். எல்லோரும் கையெழுத்துப் போடணும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் செல்லும். பத்து வருஷத்துக்குக் குறைந்து வாங்கினால் போட்ட காசு திரும்பாது. ரேந்தை பின்னின பெண்களுக்கு இல்லாதது இதுதான், அவர்கள் பேரில் ஒரு காகிதம்.

அடுத்தது பூச்சு. சிமெண்டு மலிவு, சீக்கிரம் முடியும் என்று சொல்கிறார்கள். அந்த வீட்டுச் சுவர் செங்கல்லும் மண் சாந்தும், மேலே சுண்ணாம்பு. அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, ரெண்டு மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும், செங்கல்லும் அரித்துப்போகும். சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, மணல் சேர்த்து, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் ஊற்றி அரைத்துப் பூசுவதுதான் அந்தச் சுவருக்குச் சரி. அரைப்பதும் சுமப்பதும் நம்ம சித்தாள் அக்காமார் செய்கிற வேலை. அந்தக் கூலி நம்ம உறுப்பினர்களுக்கே போகும்படி பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பூச்சு தெரிந்த கையை ஊரில் நாலு பேருக்கு உண்டாக்கினால், அக்கம்பக்கத்துப் பழைய வீடு, கோயில், மண்டபம் எல்லாவற்றுக்கும் அவர்களைக் கூப்பிடுவார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. பத்தமடையில் கோரைப் பாய், காருகுறிச்சியில் மண்பானை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் என்று ஆற்றங்கரை நெடுக ஊருக்கு ஒரு தொழில். நம்ம குழுக்களில் வடகம், ஊறுகாய், இட்லிப் பொடி செய்கிறோம், ஆனால் ஆளுக்கு ஒரு அடுக்களையில். மழைக்காலத்தில் காயப்போட இடம் இல்லை, சுத்தம் பார்க்க வருகிறவருக்குக் காட்ட ஒரு அறை இல்லை. அந்த வீட்டுப் பட்டாசலில் முப்பது பேர் உட்காரலாம். அரங்கு இருட்டாகவும் குளுமையாகவும் இருக்கும், சரக்கு வைக்கத் தோது. முற்றத்தில் வெயில் விழும். வீடு கட்டினவர்கள் வத்தல் காயப்போடுவதை யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள்! தார்சாவில் ஒரு விற்பனை மேசை போட்டால், ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள் கண்ணில் படும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் ஒரு காலத்தில் நம்மில் பாதிப் பேர் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்திருக்க முடியாது. வீட்டுக்குப் புறவாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனார்கள் நம்ம ஆச்சிமார். "அந்த வீட்டையா நாம எடுத்துச் சீர்படுத்தணும்?" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டது நியாயமான கேள்வி. என் பதில், ஆமா, எடுக்கணும், முன்வாசல் வழியாக. யார் யார் எந்த வாசலில் நின்று என்ன வேலை செய்தார்கள் என்பதை நம்ம வயசான உறுப்பினர்களிடம் கேட்டு எழுதி, தார்சாச் சுவரில் மாட்டலாம். கட்டினவர் பேர் மட்டும் கல்லில் இருந்தால் அது பாதிக் கதை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாகணும், இல்லாவிட்டால் பட்டாசல் பனங்கை இந்த வருஷம் தாங்காது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனார் வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சாவி பக்கத்து வீட்டில் இருக்கு. ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஊக்குநரோ பிரதிநிதியோ ஒருவர், கூட ஒரு சித்தாள் வேலை பார்க்கிற அக்கா வந்தால் நல்லது. வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டாயிற்று.